318-ஆம் சாலைக்காக ஒரு பழைய காரைத் தயார் செய்கிறோம்

லாஸ் வேகஸ், நெவாடா
ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மருமகளும் இங்கு நலம். உங்களுடைய நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, விடுமுறை நாட்களில் பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையில் அப்படி என்னதான் வேலை என்று கேட்டீர்கள். லேத் பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு அதை அரைகுறையாகச் சொல்ல மனம் வராததால் விரிவாக எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் லண்ட் என்ற சிற்றூரிலிருந்து ஹைக்கோ வரை, பாலைவனத்தின் நடுவே 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர் நீளத்துக்கு 318-ஆம் மாநிலச் சாலை செல்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் செப்டம்பரிலும், அரசின் அனுமதியோடு இந்தப் பொதுச் சாலையை மூடிவிட்டு அதிவேகப் பந்தயம் நடத்துகிறார்கள். 1988-இல் தொடங்கிய ‘சில்வர் ஸ்டேட் கிளாசிக் சேலஞ்ச்’ இது. சராசரியாக மணிக்கு 200 மைலைத் தாண்டி ஓட்டியவர்களும் உண்டு என்றாலும், பெரும்பாலோர் பங்கேற்பது வேறு வகையான போட்டியில். 95 மைலில் தொடங்கி ஐந்தைந்து மைலாக உயரும் வகுப்புகளில் ஒன்றை நாம் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்தச் சராசரி வேகத்துக்குரிய நேரத்துக்கு யார் மிக நெருக்கமாக வந்து சேர்கிறாரோ அவரே வெற்றி பெறுவார். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பிழைதான். நாங்கள் பதிந்திருப்பது 100 மைல் வகுப்பில். கணக்கு எளியது: 54 நிமிடம், மைலுக்கு 36 விநாடி.

வண்டி பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. 1987-ஆம் ஆண்டின் போர்ஷே 944. விமானப் படையில் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் இன்ஜின் முன்னால் இருக்க, கியர்பாக்ஸைப் பின் சக்கரங்களுக்கு இடையே வைத்து, இரண்டையும் ஒரு நீண்ட குழாயால் இணைத்திருக்கிறார்கள். அதனால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டு, வேகத்தில் வண்டி நிலையாக நிற்கிறது. திறனோ ஏறக்குறைய 150 குதிரைத்திறன்தான். அதைக் கூட்டவேண்டும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. நூறு மைலுக்கு அது போதும். இத்தனை ஆண்டு வயதான ஒவ்வொரு பாகமும் அந்த 54 நிமிடம் தாங்குமா என்பதுதான் எங்களுடைய ஒரே கேள்வி.

இந்த ஊரின் வெயில் உலர்ந்த வெயில். மழை அரிதாகையால் இரும்பு துருப்பிடிப்பதில்லை. நம் கடலோர ஊர்களில் பத்தாண்டிலேயே அரித்துப்போகும் தகடு இங்கே புதிதுபோல் இருக்கிறது. ஆனால் ரப்பரை இந்த வெயில் விடுவதில்லை. வெளியே பளபளக்கும் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் ஹோஸ்கள், அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், அச்சு மூட்டுகளின் உறைகள் யாவும் வெடித்துக் கிடக்கின்றன. ஆகவே முதலில் பெட்ரோல் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றினோம். சூடான இன்ஜினுக்கு மேலே ஒரு துளி கசிந்தாலும் தீதான். பிரேக் ஹோஸ்களையும் மாற்றிவிட்டு, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதியதை ஊற்றினோம். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக்கூடியது. புதியதாக இருக்கையில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் ஆயில், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடலாம். குமிழி உண்டாகிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

இன்ஜினில் நாங்கள் மிகவும் அஞ்சியது, பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு இசைவாக வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குத்தான். இந்த வகை இன்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளில் மோதி, வால்வுகள் வளைந்துவிடும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டால் சுழல்வதால், இரண்டையும் உருளைகளையும் ஒருசேர மாற்றிவிடுவதே முறை. அதிர்வைக் குறைக்கும் இரு தண்டுகளுக்குத் தனியே இன்னொரு பெல்ட் உண்டு; அதையும் விடவில்லை. பெரியவர் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்கியவுடன் அதன்மேல் மெல்லிய வண்ணக் கோடு ஒன்றை இழுத்துவிடுகிறார். விமானப் படையில் கற்ற வழக்கமாம். போல்ட் இம்மி தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் பட்டறையிலும் இதைச் செய்து பாருங்கள், அப்பா. மிக நல்ல பழக்கம்.

டயரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு டயரிலும் எந்த வேகம் வரை தாங்கும் என்பதற்கு ஓர் எழுத்தும், எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதற்கு நான்கு இலக்கங்களும் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவரின் பழைய டயர்களில் பூ தேயவே இல்லை; ஆயினும் இலக்கங்களைப் படித்தவுடன் கழற்றி ஒதுக்கிவிட்டார். காற்றுக் குறைவான டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து தனக்குள்ளேயே சூட்டை வளர்த்துக்கொள்ளும். வேகம் கூடக்கூட அந்தச் சூடு ஆறுவதற்கு அவகாசமே கிடையாது. கடைசியில் மேற்பட்டை உரிந்து பறந்துவிடும். ஆதலால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் V எழுத்துள்ள புதிய டயர்களைப் பூட்டி, காற்றடைக்கும் ரப்பர் வால்வுகளுக்குப் பதிலாக உலோக வால்வுகளைப் போட்டிருக்கிறோம்.

காற்றின் எதிர்ப்பும் சாதாரணமானது அன்று. 60 மைல் வேகத்தில் காற்றைப் பிளந்து செல்லத் தேவைப்படும் திறனைப்போல் நான்கரை மடங்கு 100 மைலில் தேவைப்படுகிறது. அதற்காக உழைக்கும் இன்ஜினில் எழும் அத்தனை வெப்பத்தையும் ரேடியேட்டர் இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். லண்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றே மெலிந்திருக்கும். இன்ஜின் தன் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும்.

ஓட்டப்போவது பெரியவர். நான் பக்கத்து இருக்கையில் ஸ்டாப்வாட்சுடன் அமர்ந்து, சாலையோர மைல் பலகைகளைப் பார்த்து எத்தனை விநாடி முந்துகிறோம், எத்தனை விநாடி பிந்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நின்ற நிலையிலிருந்து புறப்படுவதால் தொடக்கத்தில் இழக்கும் விநாடிகளைப் பிறகு சிறிது சிறிதாக ஈடுகட்ட வேண்டும். வகுப்புக்குரிய உச்ச வேகத்தைத் தாண்டினாலோ தகுதி நீக்கம்தான். ‘ஒயிட் ரிவர் நேரோஸ்’, அதாவது வெள்ளாற்று இடுக்கு, என்ற பகுதியில் சாலை பாறைச் சுவர்களுக்கு இடையே வளைந்து போகிறது. பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய தொல்லோவியங்கள் அங்கே இருக்கின்றன. அந்த வளைவுகளில் இழக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அன்று அந்தச் சாலையில் எதிரே எந்த வண்டியும் வராது. கார்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டே அனுப்புகிறார்கள். தலைக்கவசம், தீயணைப்புக் கருவி, டயர், கசிவு எல்லாவற்றையும் முன்னதாகச் சோதித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடு குறுக்கே வரக்கூடும் என்பது உண்மை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் குழாய்க்குள் நீண்ட தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் ஒன்று இரைகிறது. அவை குழாயின் உள்ளே ஆழத்தில் இறுக்கமாக அமர்ந்திருப்பதால், வெளியே இழுக்க ஒரு கருவியை நாங்களே கடைந்துகொள்ள வேண்டும். குழாயின் உள்விட்டம், பேரிங்கின் அளவு, நான் வரைந்த படம் மூன்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இழுக்கும் தண்டை மைல்டு ஸ்டீலில் செய்தால் போதுமா, புதிய பேரிங்கை உள்ளே தள்ளும் வளையத்துக்கு எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். இம்மாத இறுதிக்குள் உங்கள் பதில் கிடைத்தால் வேலையை முடித்துவிடுவோம்.

தங்கள் அன்பு மகன்,
முருகேசன்