உங்கப்பா சொன்ன பத்து இழுப்பு

ஏய் மல்லி,

இத வாட்ஸப்புல போட மனசு வரல. அங்க எழுதினா நாலு வரியோட நின்னுடும், உங்கப்பா போனப்ப நான் அப்படித்தான் நாலு வரி அனுப்பினேன், கூட ஒரு கும்பிடுற கை. எட்டு மாசம் ஆச்சு டி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிடணும்னு நெனைப்பேன், என்ன பேசுறதுன்னு தெரியாம அடுத்த வாரம்னு தள்ளிடுவேன், தள்ளத் தள்ள இன்னும் கஷ்டமாயிடுச்சு. தப்புதான். மன்னிச்சிடு.

அம்மா எப்டி இருக்காங்க, சக்கரை கொறஞ்சுதா? பையன் அழாம ஸ்கூலுக்குப் போறானா? இங்க மான்செஸ்டர்ல மழை, வேற ஒண்ணும் புதுசா இல்ல. விமலாவுக்கு ரெண்டாவது பொண்ணு, ஃபோட்டோ பாத்திருப்ப, அச்சு அசல் அவ மாமியார், அத மட்டும் அவகிட்ட சொல்லிடாத.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, போன வாரம் உங்கப்பாதான் என் எக்ஸ்பெரிமென்ட்டக் காப்பாத்தினாரு. நெசமாத்தான். முழுசா சொல்றேன், கடைய சாத்திட்டு வந்து உக்காந்து படி.

நான் பண்றது என்னன்னு உனக்கு ஒரு தடவ கூட ஒழுங்கா சொன்னதில்ல. பழைய டயர் மேல ஒட்டுறதுக்கு உனக்கு வர்ற ட்ரெட் ரப்பர் கறுப்பா இருக்கறதுக்கு கார்பன் பிளாக்தான காரணம்? நூறு கிலோ ரப்பருக்கு அம்பது கிலோ வரைக்கும் கொட்டி அரைப்பாங்க. நான் போடுறதும் கார்பன்தான், ஆனா அது உருண்டையா இருக்காது, குழாய். கார்பன் நானோடியூப். 1991ல ஜப்பான்ல ஈஜிமா மைக்ரோஸ்கோப்புல பாத்து எழுதினதுக்கப்புறம்தான் உலகமே அது பின்னாடி ஓடுச்சு. ஒரு தலைமுடிய ஆயிரக்கணக்குல பொளந்தா வர்ற தடிமன்தான் ஒரு டியூப்பு. நூறு கிராம் சிலிக்கோன் ரப்பர்ல ஒரே ஒரு கிராம் போட்டாப் போதும், கன்னங்கரேல்னு மை மாதிரி ஆயிடும், எந்த வெளிச்சம் பட்டாலும் முழுங்கிக்கும். வெளிச்சத்த முழுங்கின ரப்பரு அசையுது, மல்லி. வயர் இல்ல, மோட்டார் இல்ல, கரண்ட் அதுகிட்டவே போகல. லைட்டப் போட்டா அசையுது, அணைச்சா பழைய எடத்துக்கு வருது.

கேக்க லட்டு மாதிரி இருக்கும், செய்யிறதுக்குள்ள உசுரு போயிடும். டியூப்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சடை புடிச்ச முடி மாதிரி கட்டிகட்டியா கெடக்கும், அதப் பிரிக்காம விட்டா ரப்பருக்குள்ள கருப்பு கருப்பா திட்டு விழும், அந்தத் திட்டுலதான் மொதல்ல கிழியும். ஒரு நாள் பூரா கலக்க விட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து பாத்துட்டுப் போவேன். அப்புறம் க்யூர் பண்ற, அதான் ரப்பரக் கெட்டியாக்குற, ஏஜென்ட்ட பத்துக்கு ஒண்ணுன்னு ஊத்தி, வேக்யூம்ல வச்சு பப்பிள் எல்லாம் எடுத்து, ஓவன்ல வைக்கணும். ஜனவரியில மூணு பேட்ச் வரிசையா க்யூர் ஆகவே இல்ல, தொட்டா விரல்ல ஒட்டுது, ஜவ்வு. ராவும் பகலும் தேடி கடைசியில பாத்தா க்ளவுஸ்! பக்கத்து பெஞ்சுலேர்ந்து எடுத்து மாட்டுன லேட்டக்ஸ் க்ளவுஸ்ல கந்தகம் இருக்கு, என் சிலிக்கோனுக்குள்ள க்யூர் பண்றது பிளாட்டினம், கந்தகம் கொஞ்சூண்டு பட்டாலும் பிளாட்டினம் செத்துடும். ஒனக்கு டயர் ரப்பரு க்யூர் ஆகறதே கந்தகத்துலதான், அது இல்லாம பொழப்பே இல்ல, எனக்கு கந்தகம் பட்டாப் பொழப்பு போச்சு. அன்னிக்கு உன்கிட்ட சொல்லணும்னு ஃபோன எடுத்தேன், எடுத்து வச்சுட்டேன்.

சரி, உங்கப்பா. பட்டை பட்டையா ரப்பர வெட்டி, ரெண்டு பக்கமும் க்ளாம்ப் போட்டு, கொஞ்சம் இழுத்து வச்சு, இன்ஃப்ராரெட் லைட்ட அடிச்சு, எவ்ளோ இழுவை ஏறுது எறங்குதுன்னு அளக்கணும். மொத ரெண்டு வாரம் நம்பர் ஒண்ணும் நிக்கல. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அதே பட்டை, அதே லைட்டு. மெஷின் கெட்டுப்போச்சான்னு செக் பண்ணேன், லைட்ட மாத்துனேன், க்ளாம்புக்கு உப்புக்காகிதம் வச்சேன். ப்ரொஃபசர் வேற தெனமும் வந்து நின்னுட்டுப் போறாரு. ஒரு நாள் ராத்திரி ஒக்காந்து அழுதுட்டேன். அப்ப என்னமோ தெரியல, செகண்ட் இயர் லீவுக்கு நாமக்கல் வந்தப்ப உங்க ரீட்ரேடிங் கடையில, அந்த சேம்பர் பக்கத்துல நின்னுக்கிட்டு உங்கப்பா சொன்னது காதுல கேட்ட மாதிரி இருந்துச்சு. கையில ஒரு துண்டு ரப்பர வச்சுக்கிட்டு, "புது ரப்பரு பேச்ச நம்பாத கண்ணு, பத்து தடவ இழுத்து விடு, அப்புறம் அது உண்மையச் சொல்லும்"னு சொல்லல? நாம ரெண்டு பேரும் சிரிச்சோம். நீதான் அத வச்சு பிரகாஷ ஓட்டிக்கிட்டே இருந்த.

மறுநாள் காலையில பட்டைய மாட்டி, அளக்காம, அளக்கப் போற இழுப்பவிட ஜாஸ்தியா பத்து தடவ இழுத்து விட்டேன். பதினொண்ணாவது தடவ லைட்ட அடிச்சேன். நம்பர் நின்னுச்சு டி. திரும்ப அடிச்சேன், அதே நம்பர். இருவது தடவ அடிச்சேன், கோடு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு நிக்குது. இதுக்கு முல்லின்ஸ் எஃபெக்ட்னு பேரு, கார்பன் போட்ட ரப்பர மொத தடவ இழுக்கும்போது உள்ள பிடிச்சுக்கிட்டு இருக்கறதெல்லாம் விட்டுக்குடுத்து எளகிடும், அப்புறம்தான் ஒரு நெலைக்கு வரும். நம்ம சிலபஸ்லயே இருந்துச்சு. புக்குல படிச்சது எனக்கு மறந்துபோச்சு, உங்கப்பா கையில புடிச்சுக் காட்டினது மறக்கல. அவரு பிஹெச்டி பண்ணல, எட்டாவதோட நிறுத்துனவரு, லாரி டயரையே தொட்டுத் தொட்டுத் தெரிஞ்சுக்கிட்டவரு. அன்னிக்கு லேப்ல நின்னுக்கிட்டு அவரு போயிட்டாருங்கறது எனக்கு மொத தடவையா ஒறைச்சுச்சு. அதுவரைக்கும் ஒறைக்கல, அதான் நான் கூப்பிடலன்னு இப்பத் தோணுது.

நம்பர் நின்னதும் அடுத்தது தெரிஞ்சுச்சு. பட்டைய லேசா, அஞ்சு சதவீதம் இழுத்து வச்சு லைட்ட அடிச்சா அது நீளுது. அதே பட்டைய இருவது சதவீதம் இழுத்து வச்சு அதே லைட்ட அடிச்சா சுருங்குது! கேம்பிரிட்ஜ்ல ஆஹிர், டெரன்ட்யெவ்னு ரெண்டு பேரு 2005லயே இத எழுதிட்டாங்க, சுமார் பத்து சதவீதத்துலதான் தெசை மாறுதுன்னு. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. ஆனா எழுதினதப் படிக்கறது வேற, கண்ணு முன்னாடி ஒரே துண்டு ரப்பரு நேத்து போன தெசைக்கு எதிர்த்தெசையில போறதப் பாக்கறது வேற.

இதுக்குக் காரணம் என்னங்கறதுல எனக்குத் தூக்கமே வரல. லைட்ட முழுங்கினா டியூப்பு சூடாகும், சுத்தி இருக்கற ரப்பரும் சூடாகும். சூடானா எல்லாம் விரியும்ல, ஆனா நல்லா இழுத்து வச்ச ரப்பரு மட்டும் சுருங்கும், ஏன்னா உள்ள இருக்கற நீள நீளமான மூலக்கூறு சங்கிலியெல்லாம் சூட்டுல நெளிஞ்சு நெளிஞ்சு ரெண்டு முனையையும் உள்ள இழுக்கும். லேசா இழுத்தா விரியறது ஜெயிக்குது, நல்லா இழுத்தா நெளியறது ஜெயிக்குது, டியூப்பு போடாத வெறும் ரப்பருக்கே இது உண்டு, அதுக்கும் ஏறக்குறைய பத்து சதவீதம்தான் எல்லை. அப்ப நான் பாத்தது வெறும் சூடுதானா? கேம்பிரிட்ஜ்காரங்க அப்படி இல்லங்கறாங்க, டியூப்பே வெளிச்சத்துக்கு மடங்கிச் சுருங்குது, லேசா இழுத்தா அதுங்க எல்லாப் பக்கமும் பாத்துக்கிட்டு நிக்குது, நல்லா இழுத்தா இழுப்போட தெசையில வரிசையா நின்னுடுது, அதனாலதான் தெசை மாறுதுங்கறது அவங்க வாதம். நான் டியூப்பு போடாத பட்டைக்கு அதே லைட்ட அடிச்சுப் பாத்தேன், வெளிச்சம் ஊடுருவிப் போயிடுது, அது பாட்டுக்கு சும்மா கெடக்குது. அப்புறம் டியூப்பு போட்டத லைட்டே இல்லாம வெறும் சூடு காத்துல வச்சேன், அதுவும் அதே மாதிரிதான் அசையுது. என் பட்டையில பெரும்பங்கு சூடுதான்னு எனக்குத் தோணுது. முழுசும் சூடான்னு சொல்ற அளவுக்கு இன்னும் அளக்கல, அத அளக்காம விடமாட்டேன்.

இந்த சுருங்குற விஷயத்த மொதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு தெரியுமா? நீ அந்த பேப்பர்ல மூணு அரியர் வச்ச, தெரியாது. கஃப்-ஜூல் எஃபெக்ட். அந்த ஜான் கஃப்புக்கு ரெண்டு கண்ணும் தெரியாது மல்லி! கொழந்தையிலயே அம்மை போட்டு போயிடுச்சு. ரப்பரச் சட்டுனு இழுத்து உதட்டுல வச்சுப் பாத்தாரு, சுட்டுச்சு. விட்டாரு, குளுந்துச்சு. எடையத் தொங்கவிட்ட ரப்பரச் சூடாக்கினா சுருங்குதுன்னும் சொன்னாரு. 1805ல மான்செஸ்டர்ல அச்சாச்சு, நான் தெனம் பஸ்ஸேறுற இதே ஊருல. அவருகிட்ட பாடம் படிச்சவருதான் அணு சொன்ன டால்டன், டால்டன்கிட்ட படிச்சவரு ஜூல், அந்த ஜூல்தான் அம்பது வருஷம் கழிச்சு 1859ல கஃப் சொன்னது சரின்னு அளந்து காட்டினாரு. போன ஞாயித்துக்கிழமை ட்ரெய்ன் புடிச்சு அவரு ஊரு கென்டலுக்கே போயிட்டு வந்தேன். ஒண்ணும் பாக்கல, சும்மா தெருவுல நடந்தேன், கடையில ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட் வாங்கி பெஞ்சுல உக்காந்து உதட்டுல வச்சு வச்சுப் பாத்தேன். நீயும் இப்பவே பண்ணு. பையனுக்கும் காட்டு.

இதெல்லாம் எதுக்குன்னா, எனக்கு ப்ரெய்ல்தான் வேணும், கண்ணு தெரியாதவங்க புள்ளியத் தடவிப் படிக்கற எழுத்து. கண்ணு தெரியாத நம்ம பூத் அண்ணன நெனச்சுக்க. நம்ம எக்ஸாம் ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லாரும் பேப்பரப் படிச்சுட்டு இருந்தப்ப "எனக்கும் யாராச்சும் வாசிங்கம்மா"ன்னாருல்ல, அந்தக் கொரல் எனக்குப் போகவே இல்ல. இப்ப வர்ற ப்ரெய்ல் மெஷின்ல பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ ஒரு பீசோ பட்டை, கரண்ட் குடுத்தா வளையுற பட்டை, இருக்கும், அது அசைய இருநூறு வோல்ட் கிட்ட வேணும், பெரும்பாலான மெஷின்ல ஒரே ஒரு வரிதான் வரும், நாப்பது எழுத்து. அதுக்கே லட்சத்துக்கு மேல வெலை. ஒரு பக்கம் முழுசும் வரணும்னா இருவத்தஞ்சு வரி, ஆயிரம் எழுத்து, ஆறாயிரம் புள்ளி. பீசோவுல யாரு வாங்க முடியும்? கணக்கு, மேப்பு, அட்டவணை எல்லாம் ஒத்த வரியில எப்படித் தடவிப் படிக்கறது? ஆனா ஒரு ரப்பர் ஷீட்டு, அதுல குட்டிக் குட்டியா மேடு, கீழ ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன லைட்டு, லைட்டு எரிஞ்சா மேடு அசையணும், புள்ளி அரை மில்லிமீட்டர் ஒசந்தாப் போதும். பார்சிலோனா, கேம்பிரிட்ஜ், பிராட்டிஸ்லாவா ஆளுங்கெல்லாம் சேந்து பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடியே இத ட்ரை பண்ணிருக்காங்க, பிராட்டிஸ்லாவாக்காரங்க போட்டது ஈவிஏ, நம்ம செருப்பு அடியில வருதே, அதுலயே நானோடியூப்பக் கலந்தாங்க. புள்ளி ஒசந்துச்சு. ஆனா அந்த மாதிரி லைட்டுல அசையறது கடைக்கு இன்னும் வரல.

எங்க ப்ரொஃபசரு இத விட்டுடுங்கறாரு. வெளிச்சத்துல நடக்குற புழு மாதிரி ரோபோ பண்ணு, பேப்பர் சீக்கிரம் வரும், ஃபண்டும் வரும்னாரு. அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, சூட்டுல வேல செய்யற சாமான் ஆறுற வரைக்கும் புள்ளி எறங்காது, விரலு காத்துக்கிட்டா இருக்கும்? ஆறாயிரம் லைட்டுக்கும் பேட்டரி எங்க போறது? தொடுற விரலுக்கே சுடக்கூடாது. நாள் பூரா இழுத்து வச்ச ரப்பரு நாளாக நாளாக தளந்துபோகும், அதுதான் எனக்குப் பெரிய பயம். ஆனாலும் விடறதா இல்ல. செப்டம்பர் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன், ரோபோ வேலையப் பகல்ல பண்றேன், இத சாயங்காலம் பண்றேன்னு சொல்லிட்டேன். பாக்கலாம்னாரு, வேண்டாம்னு சொல்லல.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வருஷக்கணக்கா இழுவையிலயே நிக்கற ரப்பரு எப்ப தளருது, மொத எங்க தளருது, கையில தொட்டா உனக்கு எப்படித் தெரியுது? உங்கப்பா உனக்கு ஏதாச்சும் சொல்லிருப்பாரு. எது ஞாபகம் வந்தாலும் எழுது, சில்லறை விஷயம்னு விட்டுடாத, வாய்ஸ் மெசேஜாவே கூட அனுப்பு.

பொங்கலுக்கு வரேன், டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பட்டையும் ஒரு லைட்டும் எடுத்துட்டு வரேன், அம்மாவுக்கும் பூத் அண்ணனுக்கும் காட்டணும், அவரு இப்ப எங்க இருக்காருன்னு பிரகாஷுக்குத் தெரியும், விசாரிச்சு வை. அப்புறம், உங்கப்பா சட்டப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிவாரே, ரப்பர் கெட்டியா இருக்கான்னு அமுக்கிப் பாக்கற அந்த மீட்டரு, அது இன்னும் இருக்கா? பழைய சாமான்காரனுக்குப் போட்டுடாத. நான் வந்ததும் என் பட்டைய அதுல வச்சுப் பாக்கணும்.

உன்
சுதா