மாப்பிள்ளை தேடும் புளிப்பு வெள்ளரிக்காய்

அன்புள்ள தங்கைக்கு,

சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளரி ஊறுகாயை உன் போலந்துக்கார மாப்பிள்ளை ஒரு கடியோடு ஒதுக்கிவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளாதே. லண்டன் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வினிகரும் சர்க்கரையும் சேர்த்து அடைத்த காய். அவர் கேட்பது 'ஓகுர்கி கிஷோனே', வெறும் உப்புத்தண்ணீரில் தானாகப் புளித்தது. நம் இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் வேலைதான் அங்கேயும்.

1980களில் போலந்தில் பிள்ளையாக இருந்தவருக்கு இது தொட்டுக்கொள்ளும் பண்டம் மட்டும் இல்லை. 1981 முதல் 1989 வரை போலந்தில் இறைச்சிக்கு ரேஷன் அட்டை. கடை அலமாரியில் வினிகர் பாட்டில்தான் மிஞ்சியிருக்கும் என்று அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும். நகரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊர் ஓரத்தில் 'ஜியாவ்கா' என்று ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே விளைந்ததை ஜாடி ஜாடியாகப் போட்டு, அடுக்குமாடிக்குக் கீழே நிலவறையில் வரிசையாக வைப்பார்கள். குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டுக்குப் புளிப்பு அங்கிருந்துதான் வரும். அதனால் வீட்டிலேயே போட்டுக் கொடுத்துவிடு. சுலபம்தான், ஆனால் காய் சரியாக இருக்க வேண்டும்.

இங்கே பிளாஸ்டிக் உறையில் விற்கும் நீள வெள்ளரி ஆகவே ஆகாது. தோல் மெலிசு, தண்ணீர் அதிகம், கொழகொழத்துப் போகும். விரல் நீளத்துக்கு, 8 முதல் 10 செ.மீ. வரை, தோலில் சொரசொரப்பான முண்டுகள் உள்ள குட்டை வெள்ளரி வேண்டும். கோடையில் போலந்துக் கடைகளில் வரும். அதே கடையில் பூத்து விதை பிடித்த சதகுப்பை (டில்) தண்டையும், 'ஹ்ஷான்' என்று கேட்டு ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரையும் வாங்கிக்கொள். இளம் சதகுப்பைக் கீரையில் அந்த மணம் வராது. தண்டு கிடைக்காவிட்டால் சதகுப்பை விதை ஒரு டீஸ்பூன் போடு.

1 கிலோ காய்க்கு 2 லிட்டர் கண்ணாடி ஜாடி. காயைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டுக் கழுவு. பூ இருந்த முனையில் மெல்லிய வில்லை ஒன்றைச் சீவிவிடு. காயை இளக்கும் நொதி அங்கேதான் அதிகம். அடியில் சதகுப்பைத் தண்டு, விரல் நீள ஹ்ஷான் வேர், தட்டிய பூண்டு ஐந்து பல், ஓக் அல்லது செர்ரி இலை மூன்று நான்கு. இலையின் துவர்ப்பு காயை மொறுமொறுப்பாக வைத்திருக்கும். அதன் மேல் காய்களை நிமிர்த்தி, அசையாதபடி நெருக்கி அடுக்கு.

லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு; கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடு. தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைக் கரைத்து, நன்றாக ஆறிய பின் ஊற்று. காய் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். மேலே சின்னத் தட்டு ஒன்றை அமுக்கி வை. மூடியை இறுக்காதே, காற்று வெளியேற வழி வேண்டும். நுரைத்து வழியும் என்பதால் ஜாடிக்கு அடியில் ஒரு தாம்பாளம் இருக்கட்டும். 18 முதல் 22 டிகிரி வெப்பம் போதும்.

மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கும். பயந்து கொட்டிவிடாதே, புளிப்பு பிடிக்கிறது என்று அர்த்தம். அப்போது எடுத்தால் இன்னும் பச்சை மாறாத, உப்புக் குறைந்த 'மவோசொல்னே'. வேகவைத்த புது உருளைக்கிழங்கோடு அதுவே அருமை. ஏழு முதல் பத்து நாளில் ஒலிவப் பச்சைக்கு மாறியதும் ஃப்ரிட்ஜில் வை.

காய் கொழகொழத்தால் உப்பு குறைவு, அல்லது அறை சூடு அதிகம். உள்ளே கூடு விழுந்திருந்தால் காய் முற்றியது, இல்லை பறித்து நாளாகியது. மேலே வெள்ளைப் படலம் தட்டினால் அது ஈஸ்ட், வழித்து எடுத்தால் போதும். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்தால் அது பூஞ்சை; ஜாடியோடு கொட்டிவிடு, மிச்சம் பிடிக்க நினைக்காதே.

நம் பழக்கத்தில் மிளகாய், கடுகு தாளித்துப் போடக் கை போகும். இந்த ஜாடியில் மட்டும் வேண்டாம். பூண்டு, சதகுப்பை, ஹ்ஷான் மூன்றும் சேர்ந்து தரும் மணத்தை மிளகாய் அமுக்கிவிடும்.

மழை நாளில் இந்தப் புளித்த வெள்ளரியில் 'ஓகுர்கோவா' சூப் வை. ஒன்றரை லிட்டர் கோழிச் சாற்றில் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் முதலில் முழுக்க வேகவிடு. புளிப்பு முந்திவிட்டால் கிழங்கு எத்தனை நேரம் கொதித்தாலும் கட்டியாகவே நிற்கும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். புளித்த காய் ஐந்தைத் துருவி வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிப் பிறகு சேர், ஜாடித் தண்ணீர் அரைக் கப் ஊற்று. புளிப்புக் கிரீமை நேரே கொட்டினால் திரிந்துவிடும். ஒரு கரண்டி சூடான சூப்பை அதில் கலந்து இளஞ்சூடாக்கிய பின் ஊற்று. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு, பெரும்பாலும் தேவைப்படாது.

செப்டம்பரில் நல்ல காய் குறைந்துவிடும். ஆகஸ்ட் நடுவுக்குள் மூன்று நான்கு ஜாடியாவது போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா