இடது கையில் டீ கிளாஸ்

பேராவூரணி,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மத்தியானம்.

அன்புள்ள மாப்ளைக்கு,

போனிலேயே பேசியிருக்கலாம். போன் என்றால் நீ "ம்... ம்..." என்பாய், நான் பேச்சை மழைக்கும் தேங்காய் விலைக்கும் திருப்பிவிடுவேன், அதோடு வைத்துவிடுவோம். இருபது வருஷமாக அப்படித்தானே ஓடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடைசியாக இத்தனை பக்கம் எழுதியது பி.ஏ. பரீட்சையில்தான்.

முதலில் ஊர்ச் சேதியை முடித்துவிடுகிறேன். கஜா புயலுக்கு அப்புறம் வைத்த தென்னங்கன்றுகளில் பாதிக்கு மேல் பாளை விட்டாயிற்று. நெட்டை ரகம், ஆறு வருஷம் காக்கவைத்துவிட்டது. பெரியவளுக்கு இரண்டாவதும் பெண். உன் தங்கச்சிக்கு முட்டி வலி, ஆனால் வாய்க்கு ஒன்றுமில்லை. போர் மோட்டாரில் காயில் போய் இரண்டு தடவை சுற்றியாயிற்று. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்த சின்னவள் ராத்திரி லேப்டாப்பில் ஒரு படம் போட்டாள். ஆங்கிலப் படம், 1993-ல் வந்தது, பேர் 'ஃபியர்லெஸ்'. பீட்டர் வியர் எடுத்தது, ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்தது. விமான விபத்துப் படம் என்றதும் நெருப்பும் புகையும் சண்டையுமாக இருக்கும் என்று முறுக்குத் தட்டோடு உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் ஒரு மக்காச்சோளக் கொல்லை. புகை மூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு ஆள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நாலு பேர் தொடர, ஏதோ வரப்பில் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்து வருகிறான். விமானம் விழுந்தாயிற்று. விழுந்ததற்கு அப்புறம்தான் கதையே.

1989-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் நிஜமாகவே அப்படி ஒரு விமானம் விழுந்திருக்கிறது. வால் பக்கத்து இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்புகிற வசதி அத்தனையும் போய், எப்படியோ ஓடுதளம்வரை கொண்டுவந்து சோளக்கொல்லையில் விட்டார்கள். 296 பேரில் 112 பேர் செத்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். கதைக்கு வித்து அதுதானாம். படிக்கும்போதே அந்த 184-தான் என்னைக் குத்தியது. நம் பக்கத்தில் செத்தவர் கணக்கை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பிழைத்தவர்களை யார் எண்ணினார்கள்?

படத்தில் வருகிறவனுக்கு முன்பெல்லாம் விமானம் என்றாலே நடுக்கம். விபத்துக்கு அப்புறம் பயம் அற்றுப்போகிறது. ரயிலில் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம், விமானத்திலேயே போகிறேன் என்கிறான். ஸ்ட்ராபெரி ஒத்துக்கொள்ளாத உடம்பு, அதை வாங்கி வைத்துக்கொண்டு தின்கிறான், ஒன்றும் ஆகவில்லை. பெண்டாட்டியிடம் ஒட்டவில்லை, பிள்ளையிடம் ஒட்டவில்லை. நான் "தைரியசாலிடீ இவன்" என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டிருந்த உன் தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தாளு செத்துட்டாருங்க. அதான் பயமில்ல."

படத்தை அதற்கு மேல் நான் என்ன விளக்க?

எனக்கும் அப்படி ஒரு மாசம் இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16, விடியப்போகிற நேரம். மேற்கூரை ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கிற சத்தம், அதற்கு மேலே மரங்கள் முறிகிற சத்தம். வெடி மாதிரி இருக்காது, யாரோ பெரிய முறுக்கை ஒடிக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் மூன்று பேரும் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு கிடந்தோம். விடிந்து வெளியே வந்தால் வானம் பெரிசாகத் தெரிந்தது. அப்பா வைத்த தோப்பு இருக்கிற இடத்தில் வானம். அன்றைக்கு நான் அழவில்லை. இருபத்தேழு நாள் கரண்ட் இல்லாத ஊரில் இருட்டோடு இருட்டாகத் தனியாக நடந்தேன். விழுந்த மட்டைக்குள் நல்ல பாம்பு கிடந்தது, காலால் மட்டையைத் தள்ளிவிட்டுப் போனேன். எல்லோரும் "அண்ணன் தெம்பான ஆளு" என்றார்கள். அடுத்த ஆடியில் சாதாரணக் காற்று ஒன்று அடித்தது. தகரம் ஒன்று படபடத்தது. அவ்வளவுதான், கட்டிலுக்கு அடியில் இருந்தேன் மாப்ள. ஐம்பத்தெட்டு வயசில். எப்படி அங்கே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அதனால் படத்தில் அவன் சிரித்துக்கொண்டு திரியும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உனக்கு ஆடி வரும்டா, பொறு, என்று சொல்லத் தோன்றியது. வருகிறது. கடைசியில் அதே ஸ்ட்ராபெரிதான் தொண்டையை அடைக்கிறது.

வக்கீல் ஒருவன் வருகிறான். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் இழப்பீடு கூடும் என்கிறான், இவன் பொய் சொல்ல மறுக்கிறான். இன்னொரு குடும்பம் இருக்கிறது. கார்லா என்று ஒரு பெண், மடியில் வைத்திருந்த குழந்தையை விபத்தில் பறிகொடுத்தவள். ரோஸி பெரஸ் நடித்தது, அதற்கு ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆகியிருக்கிறாள். அவள் படுக்கையை விட்டு எழவில்லை, புருஷன்காரன் பணம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறான். படம் அவனைக் கொஞ்சம் அற்பமாகத்தான் காட்டுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கஜாவுக்கு அப்புறம் விழுந்த மரம் ஒன்றுக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒரு மரம் எண்பது வருஷம் காய்க்கும். அந்த 1,100-க்காக நான் கணக்கெடுக்க வந்தவர் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக ஓடினேன், பாதி சாய்ந்து நின்றதையும் விழுந்ததாகச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். மரத்து மேல் பாசம் இல்லாமலா? உங்கள் வீட்டிலும் நீ கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ரேஷன் கார்டுக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் வரிசையில் நின்றது யார்? உன் வீட்டுக்காரிதானே. நீ துக்கப்படுவதற்கு அவர்தான் இடம் வாங்கிக் கொடுத்தார். இதை அவரிடம் படித்துக் காட்டு.

இன்னொரு காட்சி. அவனும் அந்த கார்லாவும் பெரிய கடை ஒன்றுக்குப் போய், செத்தவர்களுக்குப் பரிசு வாங்குகிறார்கள். இவன் அப்பாவுக்கு, அவள் குழந்தைக்கு. படத்தில் அதைப் பெரிய அதிசயம் மாதிரி, கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் மாதிரியும் வைத்திருக்கிறார்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் தங்கச்சி, "இதத்தானே நாம வருசா வருசம் படையல்ல வைக்கிறோம், மாமனாருக்கு வேட்டியும் சுருட்டும்" என்றாள். பாவம், அவர்கள் எல்லாவற்றையும் புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே எண்ணம்: நான் கையை விட்டுவிட்டேன், நான்தான் கொன்றேன். டாக்டர் சொல்லியும் போகவில்லை, கோயில் சொல்லியும் போகவில்லை. ஒருநாள் இவன் அவளைக் காரில் உட்காரவைத்து, ஸ்பேனர் சுத்தியல் போடுகிற இரும்புப் பெட்டியை அவள் மடியில் வைக்கிறான். இதுதான் உன் பிள்ளை, விடாமல் பிடித்துக்கொள் என்கிறான். அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். இவன் வேகமாக ஓட்டிப்போய் நேராகச் சுவரில் மோதுகிறான். பெட்டி அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கிறது.

உன் தங்கச்சி உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து வாசலில் வந்து நின்றேன். நீ டீ கிளாஸை இடது கையால் வாங்குவது ஞாபகம் வந்தது.

காலேஜில் ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் உன் வலது கை என் நோட்டில் இடித்துக்கொண்டே இருக்கும். வலது கைக்காரன் நீ. 2005-க்கு அப்புறம் நான் பார்த்த ஒவ்வொரு கடையிலும் டீயை இடது கையில்தான் வாங்குகிறாய். வலது கை மூடியபடி மடியில் கிடக்கும், கட்டைவிரல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பார்த்தேன். கேட்டதில்லை.

அந்த ஜனவரியில் உன்னை முகாமில் பார்க்க வந்தேன். ஒரு மூட்டை அரிசியும் ஒரு மூட்டைப் பழந்துணியும். (அந்தத் துணி மாதிரி ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்ததைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். கட்டிய துணியோடு நின்றவர்களுக்குக் கிழிசலைக் கொண்டுவந்திருக்கிறோம்.) நீ ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாய்: "அம்மா கையைப் புடிச்சிருந்தேன்டா." நான் உடனே, "விதிடா. உன்னையாவது சாமி காப்பாத்துச்சே" என்றேன். நீ எழுந்து தண்ணீர் லாரிப் பக்கம் போய்விட்டாய். திரும்பி வரவே இல்லை. தண்ணீர் பிடிக்க நேரமாகிறது போல என்று நினைத்து நான் பஸ் ஏறினேன்.

சாமி உன்னைக் காப்பாற்றியது என்றால் அம்மாவைக் கைவிட்டது என்றுதானே அர்த்தம். கூடவே நீயும். இருபது வருஷம் கழித்து ஒரு வெள்ளைக்காரன் சுவரில் மோதித்தான் இது என் மண்டையில் ஏற வேண்டியிருந்தது.

நீ வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நான் முடிக்க விடவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது, "அப்புறம் என்னடா ஆச்சு" என்பது மட்டும்தான்.

எனக்குக் காரும் வேண்டாம், சுவரும் வேண்டாம். எங்கள் மோட்டார் கொட்டாயில் தொட்டி கட்டும்போது நீதான் கணக்குப் போட்டாய்: நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர், இத்தனூண்டு தண்ணீர் ஆயிரம் கிலோ, அடிச்சுவர் தாங்காது, கம்பி போடு என்றாய். நேற்று அந்தத் தொட்டியை நிரப்பிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்கி நிற்கிற தண்ணீருக்கே கம்பி வேண்டியிருக்கிறது. அக்கரைப்பேட்டைக்குள் வந்தது ஓடிவந்த தண்ணீர். விசைப்படகைத் தூக்கி ரோட்டில் போட்ட தண்ணீர். உன் கை ஒரு கை.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. படத்தில் அந்தப் பெண் ஒரே மோதலில் தெளிந்துவிடுகிறாள். அது இரண்டு மணி நேரப் படம், அவர்களுக்கு அவசரம். உனக்குத் தெரிந்த கணக்கையே உனக்குச் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்பதும் தெரியும்.

டிசம்பர் 26-ஆம் தேதி நான் ஒரு வருஷம்கூட வந்ததில்லை. போனில் கேட்டால் "கடல்ல பாலை ஊத்திட்டு வந்துட்டேன்" என்பாய், நானும் சரி என்பேன். இந்த வருஷம் வருகிறேன். ஒன்பது மணிக்குள் கரையில் நிற்க வேண்டும் என்றால் காலை பஸ் சரிப்படாது. முதல் நாளே பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி மாறி வந்துவிடுகிறேன். திண்ணையில் ஒரு பாய் போதும். கரையில் பக்கத்தில் நிற்கவேண்டாம், தள்ளி நில் என்றால் தள்ளி நிற்கிறேன். வாயைத் திறக்கமாட்டேன். நீ திறந்தால் முடிக்கிறவரை கேட்பேன்.

புது மரத்தில் முதல் வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் பழைய மரத்துக் காய்தான் நாலு கொண்டுவருவேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் பேராவூரணிக்காரன்

பி.கு.: உன் தங்கச்சி நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ எடுத்துவைக்கச் சொன்னாள். போன தடவை மாதிரி மணல் இருக்கக்கூடாதாம்.