கொட்டிய எண்ணெயின் அளவை யார் சொல்வது? கடலுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய அரசின் துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்துத் துறை அமைச்சர், இந்தியக் கடலோரக் காவல்படையின் தலைமை இயக்குநர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், நம் கரையோரத்தில் தொழில் நடத்தும் எண்ணெய் நிறுவனங்களின் நிர்வாகத்தினர்.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். கடலில் எண்ணெய் கொட்டிவிட்டால், அதன்பின் நடக்க வேண்டிய அனைத்தையும் எத்தனை டன் கொட்டியது என்ற ஒரே எண்தான் தீர்மானிக்கிறது. எந்த அமைப்பு களத்தில் இறங்க வேண்டும், மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் கருவிகளும் எவ்வளவு தேவை, எண்ணெய்ப் படலம் எந்தக் குப்பத்தின் கரையை எப்போது தொடும், யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்பவை யாவும் அந்த எண்ணிலிருந்தே கிளைக்கின்றன. ஆனால் அந்த எண்ணை முதலில் சொல்பவர் பெரும்பாலும் எண்ணெயைக் கொட்டியவராகவோ அவரோடு தொழில் உறவு உள்ளவராகவோ இருக்கிறார். அரசு அமைப்புகள் அதை அப்படியே ஏற்று மக்களுக்கு அறிவிக்கின்றன. இந்த வழக்கத்துக்கு முடிவுகட்டுமாறு உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2017 ஜனவரி 28 அன்று விடியும் முன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று துறைமுகத்திலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல். மற்றொன்று பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொன்னது. அடுத்த நாள்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த பாறைகளின் இடுக்குகளில் கறுப்புக் குழம்பு திரண்டு நின்றபோது, அந்த அறிவிப்பை யாரும் நம்பத் தயாராக இல்லை. பின்னர் 20 டன் என்றார்கள். இறுதியில் அதிகாரப்பூர்வ மதிப்பீடே ஏறத்தாழ 200 டன்னுக்குப் போனது. இப்படிப் பத்து மடங்கு உயர்ந்த அந்த இடைவெளியில்தான் எண்ணெய் திருவான்மியூரையும் கடந்து தெற்கே பரவியது. ஒதுங்கிய ஆமைகளின் உடல்களைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

அந்தக் கரையில் நடந்த துப்புரவை நாடே பார்த்தது. கடலோரக் காவல்படையினர், கல்லூரி மாணவர்கள், மீனவர்கள், தன்னார்வலர்கள் எனப் பலரும் பாறைகளின்மேல் வரிசையாக நின்று, வாளியில் மொண்டு மொண்டு கைமாற்றிக் கரையேற்றினார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளும் வந்தன; குழம்பின் தடிப்புக்கு அவற்றின் குழாய்கள் ஈடுகொடுக்கவில்லை. உலை எண்ணெய் (கப்பலை ஓட்டப் பயன்படும் தடித்த எரிபொருள்) அலையில் கடையப்படும்போது கடல்நீரை உள்வாங்கிப் பருத்து, கொட்டியதைவிடப் பல மடங்கு கனஅளவுள்ள குழம்பாகிவிடும் என்பது இத்துறையில் உள்ள எவருக்கும் புதிய செய்தி அல்ல. எனவே கரையில் அள்ளியதன் எடையைக் கொண்டு கொட்டியதன் அளவைக் கணிப்பது கடினம். ஆனால் கப்பலில் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்பதற்குப் பதிவேடு உண்டு. எரிபொருள் ஏற்றியபோது பெற்ற ரசீது உண்டு. விபத்துக்குப் பின் தொட்டியின் மட்டத்தை அளந்தால் குறைந்தது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். கப்பலில் ஏறி அளப்பதற்கு அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர் அன்றே அதைச் செய்து, கண்டதை அன்றே வெளியிட்டிருந்தால், கரையில் இருந்தவர்கள் தங்களை நோக்கி வருவது என்னவென்று முன்கூட்டியே அறிந்திருப்பார்கள்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், கசிந்த எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்பதைக் காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு கணித்துத் தருகிறது. நல்ல ஏற்பாடு, நம் அறிவியலாளர்கள் பெருமைப்படத் தக்கது. ஆனால் அந்தக் கணிப்புக்குள் முதலில் இட வேண்டியது கொட்டிய அளவு. 200 இருக்க வேண்டிய இடத்தில் 20 என்று இட்டால், எவ்வளவு எண்ணெய் கரை ஒதுங்கும் என்பது குறித்து எத்தனை திறமையான மென்பொருளும் தவறான விடையையே தரும்.

தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் எதிர்கொள்ளல் திட்டம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலோரக் காவல்படையே அதன் மைய ஒருங்கிணைப்பு அமைப்பு. அத்திட்டத்தின்படி 700 டன் வரையிலான கசிவு மிகக் கீழ்ப்படியில் வருவது; துறைமுகமோ எண்ணெய் கையாளும் நிறுவனமோ தன்னிடம் உள்ள கருவிகளைக் கொண்டு சமாளிக்க வேண்டியது. அந்தக் கணக்கில் எண்ணூர்க் கசிவு சிறியதுதான். அந்தச் சிறிய கசிவுக்கே வாளிகளைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் கடலில் இறங்க வேண்டியிருந்தது என்றால், துறைமுகங்கள் காகிதத்தில் காட்டும் தயார்நிலைக்கும் கிடங்கில் உள்ள கருவிகளுக்கும் இருந்த தொலைவை அது அம்பலப்படுத்திவிட்டது. கூடவே, துறைமுக எல்லைக்குள் ஓர் அமைப்பு, ஆழ்கடலில் மற்றோர் அமைப்பு, கரையில் மாநில அரசு என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. எண்ணெய்க்கு இந்த எல்லைகள் தெரியாது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

அதிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றின் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்து கடலிலும் பரவியது. அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் நிறுவனம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்று மறுத்தது. எண்ணெய் அந்நிறுவன வளாகத்திலிருந்தே வந்ததென மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எர்ணாவூரில் வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவர்களில், நீர் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் ஃபைபர் படகுகளின் பக்கங்கள் கறுத்துக் கிடந்தன. எண்ணெய் ஊறிய வலையைத் துவைத்து மீண்டும் பயன்படுத்த வழியில்லை. முதல் நாள்களில் அந்த எண்ணெயை மக்கிலும் வாளியிலும் அள்ளியவர்கள், பிழைப்பை இழந்த அதே மீனவர்கள்தான்.

அப்போதும் அளவு குறித்த கேள்விக்கு உடனடியாக நம்பத்தக்க பதில் கிடைக்கவில்லை. அரசு மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் படகைச் சீரமைக்க 10,000 ரூபாயும் அறிவித்தது. உடனடி உதவி என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் அதை இழப்பீடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கழியில் (கடலோடு கலக்கும் உப்புநீர்ப் பரப்பில்) மீன் எத்தனை மாதம் பிடிபடவில்லை, எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் வாங்குவோர் எவ்வளவு காலம் ஒதுங்கினார்கள், இடுப்பளவு நீரில் நின்று சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எத்தனை நாள் நீரில் இறங்காமல் இருந்தார்கள் என்பவை கணக்கிடப்பட்ட பின்னரே இழப்பீடு என்ற பேச்சு தொடங்க முடியும். படகுப் பதிவையும் மீனவர் சங்க அட்டையையும் மட்டும் வைத்துப் பட்டியல் தயாரித்தால், அந்தப் பெண்களும் கூடையில் மீன் சுமந்து விற்பவர்களும் வலை பின்னுவோரும் அதில் வரமாட்டார்கள்.

அளவைக் குறைத்துச் சொல்வது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் வெளியேறுவதாக முதலில் சொல்லப்பட்டது. பிறகு 5,000 ஆனது. அமெரிக்க அரசு அமைத்த அறிவியல் குழுவின் முடிவோ 50,000 பீப்பாய்க்கும் மேல். கிணறு அடைபடும்வரை 87 நாள்கள் அது ஓடியது. அந்நாட்டுத் தூய நீர்ச் சட்டத்தின்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுகிறது என்பதால், ஒவ்வொரு பீப்பாய்க்கும் நீதிமன்றத்தில் சண்டை நடந்தது. ஓட்டத்தின் அளவு குறித்து நாடாளுமன்றத்துக்கு உண்மையை மறைத்த குற்றத்தையும் சேர்த்து 2012இல் அந்தக் கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2015இல் 2,080 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. சுரங்க உரிமத்தொகை வசூலிப்பதும் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்ததைத் தவறென உணர்ந்த அமெரிக்க அரசு, அந்த அலுவலகத்தையே கலைத்துப் பிரித்தது. வருமானம் பார்ப்பவரும் காவல் காப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற அந்தப் பாடம் நம் துறைமுகங்களுக்கும் பொருந்தும்.

ஆஸ்திரேலியாவின் மொண்டாரா கிணறு 2009 ஆகஸ்டு முதல் பத்து வாரங்களுக்கு மேலாகத் திமோர்க் கடலில் எண்ணெயைக் கக்கியது. எண்ணெய் இந்தோனேசியக் கரையை அடையவில்லை என்று நிறுவனம் சாதித்தது. கடற்பாசி வளர்த்துப் பிழைத்த ரோட்டே, கூபாங் பகுதி ஏழைகள், தங்கள் பயிரை அழித்தது அந்த எண்ணெய்தான் என்று மெய்ப்பிக்க 2021வரை போராட வேண்டியிருந்தது. 19 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு நிறுவனம் இணங்கியது 2022இல். அதற்குள் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. மெய்ப்பிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைத்தால் நீதி எவ்வளவு தாமதமாக வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இந்நாட்டின் சட்டமாக ஏற்றுக்கொண்டது. 2011இல் மும்பைக்கு அப்பால் மூழ்கிய ராக் கேரியர் கப்பலால் ஏற்பட்ட மாசுக்காக 100 கோடி ரூபாய் செலுத்தும்படி 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கவிழ்ந்து, அதன் சரக்கிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரைவரை வந்து ஒதுங்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரி வழக்குத் தொடுத்து, அதே நிறுவனக் குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் நிறுத்திவைக்க ஆணை பெற்றது. 1,227 கோடி ரூபாய்க்குப் பிணை கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கோரிய முழுத் தொகை கிடைக்குமா என்பது வேறு; கப்பல் கையைவிட்டுப் போகும் முன் பிணையைப் பிடித்துக்கொள்வது ஒரு மாநில அரசால் இயலும் என்பதை அது காட்டிவிட்டது. அந்தத் துணிவை நம் மாநில அரசிடமும் எதிர்பார்க்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள், கப்பலுக்கோ துறைமுகத்துக்கோ ஆலைக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லாத அளவையாளர் குழு தொட்டிகளை அளந்து, குறைந்தபட்சம் அதிகபட்சம் என்ற இரு எண்களோடு தமிழில் அறிவிக்க வேண்டும். உறுதி இல்லாத நிலையில் அதிகபட்ச எண்ணுக்கே கருவிகளும் ஆள்களும் அனுப்பப்பட வேண்டும். கடலில் முதலில் எண்ணெயைப் பார்ப்பவர்கள் மீனவர்கள் என்பதால், அவர்கள் கொடுக்கும் தகவலை நேரத்தோடும் இடத்தோடும் பதிவு செய்து ஒப்புச்சீட்டுக் கொடுக்கும் முறை ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் இருக்க வேண்டும். குப்பவாரியாக மீன்பிடி வரத்தும் கழியில் கைத்தொழில் செய்வோரின் வருவாயும் இப்போதே, அமைதியான காலத்திலேயே, கணக்கெடுக்கப்பட வேண்டும். அந்த அடிப்படை இல்லாமல் நாளை எவரும் தம் இழப்பை மெய்ப்பிக்க முடியாது. முதல் தவணை நிவாரணம் அரசுக் கருவூலத்திலிருந்து அல்லாமல், ஒவ்வொரு துறைமுகமும் எண்ணெய் நிறுவனமும் முன்கூட்டியே கட்டிவைத்த வைப்புத்தொகையிலிருந்து போக வேண்டும்.

நிறுவனத்தாருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கசிவு நேர்ந்த நாளில் நீங்கள் வெளியிடும் முதல் அறிக்கையை உங்கள் பொறியாளர்கள் எழுதட்டும், விளம்பரப் பிரிவினர் எழுத வேண்டாம். தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னால் எங்களால் ஏற்க முடியும். பாதிப்பில்லை என்று சொல்லிவிட்டு, கறுத்த கரையில் எங்களை நிற்க வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் தொகுதிகள் ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மீன்வளம் செறிந்த அந்தக் கடலை நம்பி வாழும் மீனவர்கள் அதை எதிர்த்து வருகிறார்கள். அவர்களின் எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். டாங்கர் கப்பல் கசிவுக்கு உள்ளதுபோல் துளைமேடைக் கசிவுக்குப் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் இல்லை என்பதால், அங்கே ஒரு கிணறு வெடித்தால் நம்மைக் காப்பது உள்நாட்டுச் சட்டம் மட்டுமே. ஆகவே அந்தக் கடலில் ஒரு துளைகூடப் போடும் முன்பாக, மிக மோசமான நிலையில் நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய் வெளியேறக்கூடும், அதை அடைக்கும் கருவி எங்கே இருக்கிறது, அது வந்துசேர எத்தனை நாள் ஆகும், இழப்பை ஈடுகட்ட எத்தனை கோடி ரூபாய் பிணையாக வைக்கப்பட்டிருக்கிறது என்ற நான்கு விவரங்களையும் கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமங்களில் பொதுக் கூட்டம் கூட்டித் தமிழில் படித்துக்காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் அளியுங்கள். அதுவரை அந்த உரிமங்களை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைக் கடற்கரைவாசி ஒருவர்