இருநூறு ஜோடி சின்னான்

ஏற்காடு

குமரா,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டு பாக்கி இருக்கும், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். மாமாவுக்கு முட்டிவலி, வாய் மட்டும் வழக்கம்போல்.

உன் கணக்கைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காபி எஸ்டேட்டில் செம்மீசைச் சின்னான் என்ற கொண்டைக்குருவி 200 ஜோடி, பக்கத்துச் சோலைக்காட்டில் 100. அதனால் எஸ்டேட்தான் நல்ல இடம், சோலை போனாலும் பாதகமில்லை என்கிறாய். நம்ம லாகரிதம் சார் கேட்டால் காதைத் திருகியிருப்பார்.

ஓரிடத்தில் உயிரினம் பெருகுமா தேயுமா என்று பார்க்க, 1988-ல் சூழலியலாளர் ரொனால்ட் புல்லியம் போட்ட சமன்பாட்டில் உன் எண்களையே போட்டுப் பார். விடை ஒன்றுக்கு மேல் என்றால் பெருகும், கீழே என்றால் தேயும். பெட்டையை மட்டும் எண்ணு. பெரிய பறவையில் நூற்றுக்கு 60, குஞ்சில் நூற்றுக்கு 30 அடுத்த ஆண்டுவரை பிழைக்கும் என்று வைத்துக்கொள். சோலையில் ஜோடிக்கு நாலு குஞ்சு பறந்தால் அதில் பெட்டை இரண்டு: 0.6 + 2 × 0.3 = 1.2. எஸ்டேட்டில் இரண்டே குஞ்சு என்றால் 0.9. ஆக, எஸ்டேட் ஆண்டுக்குப் பத்து சதவீதம் நஷ்டத்தில் ஓடுகிறது! சோலையில் 100 பெட்டைக்குத்தான் இடம். மிஞ்சும் 20 எஸ்டேட்டுக்கு இறங்கும். வரவு 20, செலவு பத்தில் ஒன்று. 20-ஐ 0.1-ஆல் வகு, உன் 200 வந்துவிடும். சோலையில் பாதியை வெட்டினால், ஒரு காபிச்செடியைத் தொடாமலே எஸ்டேட்டும் போகப்போக நூறுக்கு வந்து நிற்கும்.

இதைவிட மோசம், எஸ்டேட்டை நல்ல இடமென்று நம்பிச் சின்னானே மயங்குவது. சோலைப் பெட்டையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அங்கே கிளம்பினால் சோலை தேயும். ஐந்தில் ஒன்று போகிறது என்று ஓட்டிப்பார்: நாலாம் ஆண்டில் சோலையில் 85. எஸ்டேட்டிலோ 204, 207, 208 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில்தான் இறங்க ஆரம்பிக்கும். அங்கே மட்டும் எண்ணுகிறவன் அதுவரை கேக் வெட்டிக்கொண்டிருப்பான்.

எனக்குள்ள கவலை கவாத்து. அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் செடியை வெட்டும்போதுதான் அதில் கூடும் இருக்கும். அதனால் தலையை எண்ணாதே, கூட்டைப் பார். ஆனால் "இருபதில் பன்னிரண்டு தேறியது" என்று எழுதிவிடாதே. நீ கண்டுபிடிக்கும் முன்பே அழிந்த கூடு அதில் சேராது. 1961-ல் பறவை ஆய்வாளர் மேஃபீல்டு சொன்னபடி, ஒவ்வொரு கூட்டையும் கவனித்த நாட்களைக் கூட்டு. 200 நாளில் 8 கூடு போனால் நாளொன்றுக்கு இழப்பு 0.04, தப்புவது 0.96. முட்டையிலிருந்து பறக்கும்வரை சுமார் 24 நாள், 0.96-ஐ 24 தடவை பெருக்கினால் 0.38. அறுபது சதவீதம் எங்கே, இது எங்கே!

வரும்போது நுனியில் கண்ணாடி கட்டிய கம்பு ஒன்று கொண்டுவா. கிளையை விலக்கிப் பார்த்தால் கூட்டைக் கொள்ளையடிக்கும் செண்பகப் பறவைக்கு நீயே வழிகாட்டிவிடுவாய்.

உன்,
ரவி