முதல் கட்டத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே

மண்டபம்,
ஆடி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சைக்கிள் போட்டி அட்டவணையை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் படித்தோம். ஒரே நாளில் மூன்று கட்டங்கள். காலையில் மேட்டுப்பாளையம் பக்கம் சமவெளியில் 12 கிலோமீட்டர் தனிநபர் நேரப் போட்டி, ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போடுவது. இரண்டு மணி நேரம் கழித்துக் கோத்தகிரி வரை ஏற்றம். பிற்பகலில் மேலேயே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சுற்றுப்பாதை. மூன்றிலும் எடுத்த நேரத்தைக் கூட்டித்தான் வெற்றி. "முதல் கட்டத்திலேயே ஒரு கை பார்த்துவிடுகிறேன் அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்த வரி எனக்கு ஒப்பவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கணக்கைப் பார். சமவெளியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை மீற வேண்டிய திறன் எட்டு மடங்கு. ஆகவே பத்துச் சதவீதம் கூடுதலாக அழுத்தினாலும் அந்த 20 நிமிடத்தில் உனக்கு மிச்சமாவது சுமார் 40 விநாடி. கோத்தகிரி ஏற்றம் அப்படியல்ல. 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயர வேண்டும். அங்கே உன் உடம்பின் எடையையும் சைக்கிளின் எடையையும் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை; அழுத்துகிற ஒவ்வொரு மிதிக்கும் ஏறக்குறைய முழுப் பலன் உண்டு. நூறு நிமிடம் ஏறுகிறாய் என்று வைத்துக்கொண்டால், அதே பத்துச் சதவீதம் ஏழெட்டு நிமிடத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். காலையில் 40 விநாடிக்காகத் தொடையைக் காலி செய்தவன் இந்த ஏற்றத்தில் நிமிடக் கணக்கில் விட்டுக்கொடுப்பான். நேரப் போட்டியை நன்றாக ஓட்டு, ஆனால் இறங்கும்போது இன்னும் ஐந்து கிலோமீட்டர் அதே வேகத்தில் போக முடியும் என்ற நிலையில் இறங்கு.

மாவட்டத் தடகளப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன். காலையில் 800 மீட்டர் தகுதிச் சுற்று, பிற்பகலில் இறுதி. கடற்கரைக் கிராமத்துப் பெண் ஒருத்தி தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. மைதானத்தின் ஓரமாக மெதுவாக நடந்தாள். பிறகு வேப்பமரத்தடியில் துண்டை விரித்தாள், நனைந்த பனியனை மாற்றினாள், தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த உப்புப் போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். ஒரு வாழைப்பழம். அப்புறம் இரண்டு கால்களையும் மரத்தின் மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, முகத்தில் துணியைப் போட்டுப் படுத்துவிட்டாள். முதலாவதாக வந்த பெண் வெயிலில் தோழிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். மதியம் பிரியாணிப் பொட்டலம் வேறு. இறுதிச் சுற்றின் கடைசி 200 மீட்டரில் யாருடைய கால் ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தை ஓய்வு நேரம் என்று நினைக்காதே. அதுவும் போட்டிதான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பத்து நிமிடம் லேசான கியரில் காலைச் சுழற்று. அரை மணி நேரத்துக்குள் வாய்க்கு ஏதாவது போக வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை கடுமையான உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். காலையில் செலவானதைத் திருப்பி வைக்காமல் மலையடிவாரத்தில் நின்றால் பாதி வழியில் கண் இருட்டும். உன் எடைக்கு அந்த இடைவேளையில் மணிக்கு 65 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். குழைய வடித்த சோறு 200 கிராமும் சிறிய வாழைப்பழம் ஒன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு தாண்டிவிடும். சோற்றில் உப்பும் கொஞ்சம் தயிரும் போதும். மீன் குழம்பு, எண்ணெய்ப் பலகாரம், பயறு எதுவும் அன்றைக்கு வேண்டாம். கொழுப்பும் நாரும் வயிற்றிலேயே தங்கிவிடும். ஏறும்போது மணிக்கு 60 கிராம் வரை. அதற்குக் கருப்பட்டிக் கரைசலை விட நல்லது எனக்குத் தெரியாது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். அது உள்ளே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து, குடலில் இரண்டு தனித்தனி வாசல் வழியாக இரத்தத்துக்குப் போகிறது. வெறும் குளுக்கோஸை அள்ளிக் குடித்தால் ஒரே வாசலில் நெரிசலாகி வயிறு உப்பும். ஆனால் ஒன்று, இதை இப்போதே பழகிக்கொள். போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றுக்குள் விடாதே.

அதற்குத்தான் உன்னை ஒரு வாரம் ஊருக்கு வரச் சொல்கிறேன். "அங்கே மேடே கிடையாது, பயிற்சி கெட்டுவிடும்" என்கிறாய். மேடு இல்லை, உண்மைதான். கச்சான் இருக்கிறதே, இந்த மாதத்துத் தென்மேற்குக் காற்று! பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் திரும்பும் சாலையில், இரண்டு பக்கமும் கடல், மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. கச்சான் இடது முன்பக்கமிருந்து விடாமல் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் அந்தக் கணமே வேகம் செத்துவிடும். மலை ஏறும்போதும் கால் அனுபவிப்பது இதைத்தான். ஒரே அழுத்தத்தில், முதுகை நிமிர்த்தி, கைகளைக் கைப்பிடியின் மேல்பகுதியில் வைத்து இருபது நிமிடம், பிறகு கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது நிமிடம்.

இந்தக் கரையில் நமக்கென்று ஓர் ஏற்றமும் இருக்கிறது. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். பாம்பனிலிருந்து மண்டபம் பக்கமாக வரும்போது ஏற்றமும் கச்சானும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்க்கும். விடிவதற்குள் போய்விடு, வேன்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டால் அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. இணைப்புகளில் இருக்கும் இரும்புத் தகடுகள் கடல் ஈரத்தில் வழுக்கும், அவற்றை நேராகக் கட.

ஒரு நாளைப் போட்டி நாளாகவே நடத்திப் பார்ப்போம். விடியலில் பாலம், வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம், பிறகு தனுஷ்கோடிச் சாலை, மறுபடி இடைவேளை, மாலையில் இன்னொரு சுற்று. இடைவேளையில் நீ என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நேரம் படுக்கிறாய், மூன்றாவது முறை சைக்கிளில் ஏறும்போது கால் எப்படி இருக்கிறது என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் அறையில் உன்னைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

நம் கரை கற்றுத்தராதது இறக்கம். அதைத் திரும்பிப் போனதும் அந்த மலையிலேயே பழகு. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கைப் பிடிக்காதே. வெளிப்பக்கக் கால் கீழே, எடை அந்தக் காலில், கண் வளைவு முடியும் இடத்தில். பிரேக்கை நீளமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் விட்டு விட்டுப் பிடி. பயிற்சியின்போது சாலையில் பஸ் வரும், மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, நீ இடது ஓரத்தை விட்டு நகராதே. போட்டி நடக்கும் புரட்டாசியில் மழையும் மூடுபனியும் இருக்கும். இறக்கத்தில் கிடைக்கும் பத்து விநாடி எனக்கு வேண்டாம் தம்பி. யாராவது முந்திப் போனால் போகட்டும்.

கியரை மாற்றிவிடு. முன்னால் 34 பல் இருப்பது சரி, பின்னால் 28 போதாது. ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கினால், 28 பல்லில் நிமிடத்துக்கு 65 சுற்றுதான் மிதிக்க முடியும்; 34 பல் போட்டால் 80 வரும். முழங்கால் உனக்கு நன்றி சொல்லும். உன் நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை எல்லாம் பார்க்காதே.

கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கடற்கரையில் பிறந்த உனக்குப் பிற்பகலில் மூச்சு சீக்கிரம் வாங்கும். இதயத் துடிப்பைப் பார்த்துப் பயப்படாமல் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொள். மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பனியனை மாற்றுவது. வியர்வையோடு அந்தக் குளிரில் நின்றால் தொடை இறுகிவிடும். காய்ந்த உடையும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் மேலே வரும் வண்டியில் இருக்கிறதா என்று காலையிலேயே உறுதி செய்துகொள்.

கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதியாகக் குறை, வேகத்தைக் குறைக்காதே. குறுகிய, கூர்மையான ஓட்டம் போதும். அந்த நாட்களில் கால் துறுதுறுக்கும், இன்னும் ஒரு முறை ஏறிவிடலாமா என்று தோன்றும். ஏறாதே.

வரும்போது பழைய சக்கரங்களைக் கொண்டுவா. தனுஷ்கோடி மணலும் உப்பும் நல்ல சக்கரங்களுக்கு ஆகாது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டியிருக்கும். அதை அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ரயிலில் பிரேக் வேனில் போடும்போது மிதிகளைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பிக் கட்டு. சாயல்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். லீவு எந்தத் தேதியிலிருந்து என்று உடனே தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா