சினை நிற்காத மாட்டின் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும்,

வணக்கம். திருப்பூருக்குக் கீழே, நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். ஆற்றுத் தண்ணீர் ஒரு துறையிடம் இருக்கிறது, மாடு இன்னொரு துறையிடம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் அந்த மாடு குடிக்கிறது என்பதால் இருவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

மாடு பருவத்துக்கு வருகிறது, கத்துகிறது, வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுகிறோம். மூன்று வாரத்தில் மறுபடியும் கத்துகிறது. நாலைந்து ஊசிக்கு மேல் யாராலும் தாங்க முடியாது, சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். அங்கே அதை யார் வாங்குவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். காரணம் கேட்டால் தாது உப்பு போதவில்லை, பருவ நேரத்தைத் தவறவிட்டீர்கள், வெயில் அதிகம் என்கிறார்கள். அவையும் காரணங்கள்தான். ஆனால் மாடு என்ன தண்ணீர் குடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கறவை மாடு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடுதலாகவே.

நொய்யல் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஆற்றில் கழிவை விட்ட திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரித்த பிறகுதான் ஓட்டலாம் என்று ஆனது. சரி. அதற்கு முன் இருபது வருடமாக இறங்கிய உப்பு கிணற்றிலும் மண்ணிலும்தானே இருக்கும்? நகரங்களின் சாக்கடை இன்றைக்கும் ஆற்றில்தான் கலக்கிறது.

துணியில் சாயம் பிடிக்க சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் கொட்டுவார்கள். தண்ணீரில் வரும் சல்பேட், மாட்டின் முதல் வயிற்றில் சல்பைடாக மாறி, தீவனத்திலுள்ள தாமிரத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தாமிரம் குறைந்தால் பருவம் தள்ளிப்போகும், சினை பிடிப்பதும் குறையும். காசு கொடுத்து வாங்கிப் போடும் தாது உப்பைத் தொட்டித் தண்ணீரே வீணாக்கலாம் என்றால், இன்னும் கொஞ்சம் தாது உப்பு போடுங்கள் என்ற ஆலோசனையால் என்ன பயன்? சாக்கடையோடு வரும் நைட்ரேட் வேறு மாதிரி கெடுக்கும். வயிற்றில் அது நைட்ரைட் ஆகி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். அளவு மீறினால் சினை மாடு கன்று வீசிவிடும்.

எனக்கு அதிகம் பயம் நோனைல்ஃபீனால் மேல்தான். துணி அலசும் சில சோப்பு ரசாயனங்கள் சிதைந்து இதுவாகின்றன. இது உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே நடிக்கும். இப்படிச் சிதையும் அந்த ரசாயனம், துவைக்கக்கூடிய துணிகளில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. அங்கே அலசினால் அவர்கள் ஆற்றில் கலக்கும் என்பதுதான் காரணம். இங்கே அலசியது எங்கே போயிருக்கும்? ஸ்காட்லாந்தில் சாக்கடைக் கசடை உரமாகப் போட்ட புல்வெளியில் சினை ஆடுகளை மேய்த்து ஆராய்ந்தார்கள். தாய் ஆடுகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. வயிற்றுக் குட்டிகளின் சினைப்பையிலும் விரையிலும் மாற்றம் தெரிந்தது. அந்தக் கசடில் பல ரசாயனங்கள் கலந்திருந்தன, எது காரணம் என்று தனியாகப் பிரிக்க முடியாது. எங்கள் தண்ணீரிலும் அப்படித்தானே?

இதையெல்லாம் நிரூபி என்று எங்களைக் கேட்காதீர்கள். பதில் பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் பன்னிரண்டு இலக்கத் தோடு மாட்டி, போடும் ஒவ்வொரு சினை ஊசியையும் பதிவு செய்கிறீர்கள். கரு வயிற்றில் தங்கப் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். பதினாறு, பதினேழாம் நாள் வாக்கில் கரு தான் இருப்பதைத் தாய்க்கு உணர்த்தாவிட்டால் சினைப்பையில் அந்த ஹார்மோனைச் சுரக்கும் மஞ்சள் திரள் கரைந்துவிடும், 21ஆம் நாள் வாக்கில் மாடு மறுபடி பருவத்துக்கு வரும். முப்பது நாற்பது நாள் கழித்து வந்தால், தங்கிய கரு பிறகு அழிந்திருக்கலாம். நடுவில் வந்த பருவத்தைக் கவனிக்காமல் விட்டதும் உண்டுதான். ஆனால் ஊர் ஊராகக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகாது. ஊசிக்கு ஊசி எத்தனை நாள் இடைவெளி என்று கணினியில் ஒரு தேடல் போட்டால் போதும். அணைக்குக் கீழுள்ள ஊர்களையும் நொய்யல் படாத காங்கேயத்துக் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நில) ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாரியத்துக்குத் தனியாக ஒரு கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஏ முதல் ஈ வரை பிரித்திருக்கிறது. குடிக்க, குளிக்க, மீனுக்கும் காட்டு விலங்குக்கும், பாசனத்துக்கு என்று வகை உண்டு. மாட்டுக்கு எங்கே?

கிணற்று நீரையும் தொட்டி நீரையும் உப்பு, சல்பேட், நைட்ரேட், நோனைல்ஃபீனால் நாலுக்கும் சோதியுங்கள். ஊசி போட்ட மாடுகளின் பாலையும் அதே நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். புரோஜெஸ்ட்டிரோனைப் பாலிலேயே பார்க்கலாம், மாட்டைக் குத்த வேண்டியதில்லை. முடிவை எங்கள் பால் சொசைட்டிப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். மாதிரி எடுக்க வருகிறவர்கள் விடிகாலைக் கறவைக்கே வந்துவிடச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் பால் வண்டி போயிருக்கும், மாடும் மேய்ச்சலுக்குப் போயிருக்கும்.

இப்படிக்கு,
நொய்யல் கரை மாட்டுக்காரன்